கூலிக்குப் பிறகே இலாபம்

2025 நவம்பரில் வெளியான இலங்கையின் வரவு செலவுத் திட்டத்தில், பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ரூபாயாக உயர்த்தவும், அதற்கு மேல் 200 ரூபாயை வருகைக் கொடுப்பனவாக அரசே வழங்கவும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க முன்மொழிந்தார். மொத்தம் 1,750 ரூபாய். லயத்துக் குடும்பங்களுக்கு இது தேவையான பணம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆயினும், தனியார் கம்பனியின் மலையில் கொழுந்து பறிப்பவருக்குரிய கூலியில் ஒரு பங்கை வரி கட்டும் மக்கள் ஏன் கொடுக்க வேண்டும்? மூலப்பொருளை வாங்கினால் விலை கொடுக்கிறோம், வங்கியில் கடன் எடுத்தால் வட்டி கட்டுகிறோம். உழைப்பை வாங்கிவிட்டு மட்டும் 'கட்டுப்படியாகாது' என்று சொல்லலாமா? கூலியைத் தீர்த்த பிறகு மிஞ்சுவதுதான் இலாபம். இந்த வரிசையைப் புரட்டிப்போட்ட தொழில், கணக்கேட்டில் எவ்வளவு செழித்தாலும், வெற்றிபெற்ற தொழில் ஆகாது.

தமிழ் மரபு வணிகத்தை இழிவாகக் கருதியதில்லை. அளவு பிசகிய வணிகத்தையே வெறுத்தது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் அவர்களுடைய நடுநிலை தவறாத நெஞ்சைப் போற்றுகிறார்: வாங்கும்போது கூடுதலாகப் பெறவும் மாட்டார்கள், விற்கும்போது அளவைக் குறைக்கவும் மாட்டார்கள். திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை முடிப்பதே வணிகருக்குச் சொல்லும் அறிவுரையோடுதான். பிறருடைய பொருளையும் தன்னுடையதாக எண்ணிக் காப்பதே அவர் கண்ட வாணிகம். கள்ளாமை அதிகாரத்திலோ, களவால் சேர்ந்த செல்வம் வளர்வதுபோலக் காட்டி, இருப்பதையும் அழித்துவிடும் என்று எச்சரிக்கிறார். விவிலியத்தில் யாக்கோபின் நிருபம், அறுவடை செய்தவரின் கூலியைப் பிடித்துவைத்த செல்வரைக் கடுமையாகச் சாடுகிறது. உழைத்தவருக்குத் தாமதமின்றிக் கூலி கொடுப்பதை இஸ்லாம் கடமையாக்குகிறது. மலையகத்தில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றும் இந்த ஒன்றில் முரண்படவில்லை. கொழுந்து நிறுக்கும் தராசடியில் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் அளவுக்கு மேல் கிலோ கழிக்கப்படுவதாகத் தொழிலாளர் காலங்காலமாகச் சொல்லிவரும் முறைப்பாட்டை இந்த நூல்களின் முன் வைத்துப் பார்த்தால், அது அறத்தின் அடிப்படையையே தொடும் வழக்கு என்பது விளங்கும்.

கணக்கும் அறத்தின் பக்கமே நிற்கிறது. 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் 1,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டபோது அதன் மதிப்பு ஏறத்தாழ 5 டொலர். மறுவருடம் ரூபாய் சரிந்ததும் அதே சம்பளம் 3 டொலருக்கும் கீழே போனது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. மா, அரிசி, பருப்பு எல்லாம் கைக்கு எட்டாத விலைக்கு ஏறின. அந்த வருடம் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடி கிலோவாகக் குறைந்தது உண்மை. ஆனால், முந்திய வருடம் 600 ரூபாயை ஒட்டியிருந்த கொழும்பு ஏலத்தின் சராசரி விலை 1,000 ரூபாயைத் தாண்டியது. விளைச்சல் ஆறில் ஒரு பங்கு குறைய, விலையோ பாதிக்கும் மேல் உயர்ந்தது. பறித்தவரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பர் வரை அதே 1,000 ரூபாய்தான். இடையில் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சட்டத்தை நாடுவது எவருக்கும் உள்ள உரிமை. அந்த உரிமை அறக்கடனைத் தீர்த்துவிடாது.

கம்பனிகளுக்கும் ஒரு நியாயம் உண்டு. உரமும் எரிபொருளும் விலை ஏறின. தேயிலையின் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலிதான். நட்டத்தில் தோட்டம் மூடப்பட்டால் இருக்கிற வேலையும் போய்விடும். ஏனைய நாடுகளில் ஒருவர் பறிக்கும் அளவை இங்கே பறிப்பதில்லை என்பதும் அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் குறை. ஆனால், ஒரு மலையில் எவ்வளவு கொழுந்து கிடைக்கும் என்பதைப் பறிப்பவரா தீர்மானிக்கிறார்? செடியின் வயது, மண்ணின் வளம், உரம், கவ்வாத்து எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. 2021இல் இரசாயன உரத்தை அரசு திடீரெனத் தடைசெய்து, அதே வருடத்தில் தடையை நீக்கியது. அந்த முடிவைத் தொழிலாளர் யாரிடமும் எவரும் கேட்கவில்லை. கொழுந்து குறைந்து, குறித்த கிலோ சேராதபோது 'அரைப்பேர்' என்ற அரைநாட் சம்பளம் விழுந்ததோ தொழிலாளிக்குத்தான். முடிவு ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு என்றால் அதை எந்த நீதிநூல் ஏற்கும்?

நல்ல முதலாளிக்குக் கூலியைக் குறைப்பதைத் தவிர வேறு வழிகள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, மறுநடுகை. வெள்ளைக்காரர் காலத்துச் செடிகளிடம் இன்னும் எத்தனை காலம் விளைச்சலை எதிர்பார்ப்பது? தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் புதிய இனங்கள் மலைக்கு வந்து சேர முதலீடு வேண்டும். இரண்டாவது, பெயர். மெரில் பெர்னாண்டோ இலங்கைத் தேயிலையை இங்கேயே பொதியாக்கி டில்மா என்ற சொந்தப் பெயரில் உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார். மொத்தமாக விற்பவருக்குக் கிடைக்காத விலை பெயருள்ள பொதிக்குக் கிடைக்கும் என்பதற்கு அது சான்று. மூன்றாவது, நம்பிக்கை. தொழிலாளியின் 8 வீதமும் நிர்வாகத்தின் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டும் என்பது சட்டம். ஆனால், அரசின் தோட்ட நிறுவனங்களான ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமுமே அந்தப் பணத்தை நெடுங்காலம் நிலுவையில் வைத்திருந்தன. முதுமைக்கென்று சம்பளத்தில் பிடித்த காசைக் கட்டாதவரிடம் ஈடுபாட்டோடு யார் உழைப்பார்கள்? இளையோர் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுவதற்கு இது போதாதா?

நாட்சம்பளத்தை விட்டு வருமானப் பங்கு முறைக்கு மாறலாம் என்கின்றன கம்பனிகள். நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை, நாட்சம்பளமின்றித் தம் கொழுந்தை விற்று வாழும் சிறுதோட்ட உரிமையாளர்களே தருவதால், அந்த யோசனையை எடுத்த எடுப்பில் தள்ளிவிடத் தேவையில்லை. ஆனால், சிறுதோட்டக்காரருக்குக் காணி உறுதி உண்டு. 200 வருடமாக மலையில் உழைத்த சமூகத்தில் பலருக்குக் குடியிருக்கும் லயத்தின் மீதுகூட உரிமை இல்லை. உரிமையைக் கொடுக்காமல் நட்டத்தில் மட்டும் பங்கு கொடுப்பது பங்காளித்தனம் ஆகாது. ஆகவே காணிக்கு உறுதி கொடுங்கள், தராசைத் திருத்துங்கள், கணக்கைத் திறந்துவையுங்கள், நிலுவையைக் கட்டுங்கள். இவற்றைச் செய்த பிறகு பேசுங்கள் கட்டுப்படியாகுமா ஆகாதா என்று. அதுவரை, கூலியைக் கொடுக்க முடியாதவருக்கு இலாபம் எடுக்கும் உரிமையும் இல்லை.