புனிதரின் உறுதிக்கு யார் விலை கொடுப்பது?

சைவ அடியாரான சுந்தரர் திருவொற்றியூரில், மகிழ மரத்தடியில், மணப்பெண் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தார். திருவாரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போயிற்று. இறைவனின் தோழர் என்பதற்காகச் சலுகை எதுவும் இல்லை. வெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டும். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் சன்னதியில்தான் இடக்கண் திரும்பியது; வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை போக வேண்டியிருந்தது. முகூர்த்தப் பட்டு எடுக்க இந்துக்களோடு கத்தோலிக்கர்களும் வரும் காஞ்சிபுரத்தில், மணவாக்கை மீறியவர் அடியாரே ஆனாலும் கடன்பட்டவர்தான் என்று சொல்லும் கதை ஊன்றி நிற்கிறது.

அந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு ஓரியூர்க் கதையைப் படிக்க வேண்டும்.

அருளானந்தர் என்று தமிழர் அழைத்த ஜான் டி பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். அரசவையில் வளர்ந்த இயேசு சபைத் துறவி. மதுரை மறைப்பணித் தளத்தில் பண்டாரசாமிகளைப் போல உடுத்து, புலால் விலக்கி வாழ்ந்தார். 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டு வதைபட்டார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற ஆணையோடு விடுதலை கிடைத்தது. போர்ச்சுகல் சென்றவரை அரசர் அங்கேயே வைத்துக்கொள்ள விரும்பினார். அவரோ 1690-இல் திரும்பி வந்தார். சாவு காத்திருப்பது தெரிந்தே வந்த அந்தத் திரும்புதல் ஒன்றே அவருடைய துணிவுக்குப் போதிய சாட்சி.

சிறுவல்லித் தலைவர் தடியத்தேவர் நோய் நீங்கியபின் ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியோடு வாழச் சம்மதித்தால்தான் தர முடியும் என்றார் அருளானந்தர். தேவர் முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். உடன்பிறந்தவர்களாகப் பாவித்துப் பராமரிப்பதாகச் சொன்னார் என்பது மரபு. இளைய மனைவி கடலாயி, மறவர் நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் சேதுபதியிடம் முறையிட்டார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பரவலாகச் சொல்லப்படும் கதையில் கடலாயி பழிவாங்கும் பெண். திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்கவைத்த ஏரோதியாளோடு அவரை ஒப்பிடுவதும் வழக்கம். அந்த ஒப்பீடு நியாயமற்றது. ஏரோதியாள் முறையற்ற மணத்தைக் காத்துக்கொள்ள நினைத்தவள். கடலாயியோ அன்றைய வழக்கப்படி ஊரறிய மணந்து வந்தவர். யாருடைய மதமாற்றத்திலும் அவருக்குப் பங்கில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. மனைவியாக இருந்தவர் ஒரே நாளில் தங்கையாகிப்போனால், அரண்மனையில் அவருக்கு என்ன இடம்? சோறும் துணியும் கிடைக்கலாம். மதிப்பு கிடைக்குமா?

அருளானந்தர் பக்கத்து நியாயமும் சிறியதல்ல. ஓர் ஆணுக்குப் பல மனைவியர் என்ற வழக்கமே பெண்களைத் தாழ்த்துவது. அதிகாரம் படைத்தவருக்காக நெறியைத் தளர்த்தியிருந்தால், ஏழைக் கிறிஸ்தவருக்கு ஒரு சட்டம், தலைவருக்கு ஒரு சட்டம் என்றாகியிருக்கும். தடியத்தேவர் சேதுபதிக்கு அரசியல் போட்டியாளராகக் கருதப்பட்டவர் என்பதால், கொலைக்கான பழி முழுவதையும் ஒரு பெண்ணின் கோபத்தின்மேல் ஏற்றவும் முடியாது.

ஆனாலும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. அருளானந்தர் தம் உறுதிக்குத் தம் உயிரைத் தாமே விரும்பிக் கொடுத்தார். அந்தப் பெண்கள் விரும்பிக் கொடுத்தது எதுவும் இல்லை; அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. நெறி சரியாக இருந்தபோதும், அவர்களுடைய சம்மதத்தையும் எதிர்கால நிலையையும் உறுதிசெய்யும்வரை ஞானஸ்நானம் காத்திருந்திருக்கலாம். காத்திருக்க வேண்டும் என்று கேட்பது புனிதரின் தியாகத்தைக் குறைத்துப் பேசுவதாகாது. தம் உயிரை அவ்வளவு எளிதாகக் கொடுத்தவரிடம்தான் இதைக் கேட்கவும் முடியும்.

பெரியபுராணம் சுந்தரரைப் போற்றிக்கொண்டே சங்கிலியாருக்கு ஊரும் பிறப்பும் வழக்கும் கொடுத்தது. அடியாரின் பெருமை அதனால் ஒரு மாற்றும் குறையவில்லை. ஓரியூர் வரலாற்றைச் சொல்பவர்களும் கடலாயியின் முறையீட்டை ஒரு மனைவியின் வழக்காகச் சொல்லலாம். விலக்கப்பட்ட மற்றப் பெண்களுக்காகவும் ஒரு வேண்டுதல் வைக்கலாம்.