முன்சீட்டில் இருப்பவர்

நீலாயில் இருக்கும் தேசிய வெலோட்ரோமில் ஒரு சுற்று 250 மீட்டர். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நமக்கு அசிசுல்ஹஸ்னி அவாங்தான் ஞாபகத்துக்கு வருவார். 2016 ரியோவில் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி. இரண்டும் தனி ஆளாக ஓட்டி வாங்கியவை. ஆனால் டிராக் சைக்கிளோட்டத்தில் இருவர் ஓட்டும் வண்டியும் உண்டு, பெயர் டேண்டம். பாராலிம்பிக்கில் பின்சீட்டில் பார்வைக் குறைபாடுள்ள வீரர் இருப்பார், முன்சீட்டில் பார்வையுள்ள 'பைலட்'. ஜெயித்தால் அந்த வெற்றி பைலட்டுக்கும் சொந்தமா? இல்லை, அவர் வெறும் உதவியாளா?

பாதி பதிலை வண்டியே சொல்லிவிடுகிறது. இருவரின் பெடல்களையும் ஒரு சங்கிலி இணைக்கிறது. பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், ஒருத்தர் மிதிக்க இன்னொருத்தர் சும்மா உட்கார முடியாது. எப்போது மேலே ஏறுவது, எப்போது பாய்வது என்று பைலட் முடிவெடுக்கிறார். பின்னால் இருப்பவர் அதை நம்பி முழு பலத்தையும் கொடுக்கிறார். அசிசுலைப் பல வருஷம் தயார்படுத்திய பயிற்றுநர் ஜான் பீஸ்லிகூட, பந்தயம் தொடங்கியதும் வெளியே நின்று பார்க்க வேண்டியவர்தான். பைலட் அப்படியில்லை. விழுந்தால் சேர்ந்தே விழுவார்.

"பைலட்டை மாத்திக்கலாமே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். மாற்றத்தான் செய்கிறார்கள். 2008 பெய்ஜிங்கில் பிரிட்டனின் அந்தோனி காப்பஸ் ஸ்பிரிண்ட் தங்கம் வென்றபோது முன்சீட்டில் பார்னி ஸ்டோரி. 2012 லண்டன் இறுதியில் அதே ஸ்டோரி, நீல் ஃபாச்சியின் பைலட்டாக, காப்பஸுக்கு எதிரே நின்றார். காப்பஸின் முன்சீட்டில் இப்போது கிரேக் மக்லீன், சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர். தங்கம் காப்பஸ் ஜோடிக்கு. இரண்டு வருஷம் கழித்து, கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், மக்லீன் ஃபாச்சிக்குப் பைலட்டாகித் தங்கம் வென்றார்.

இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் உழைப்பு இல்லாமல் போய்விடுமா? லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் தாத்தா குலை வெட்டுவார், பாட்டி பின்னாலேயே உதிரிப் பழம் பொறுக்குவார். செக்ரோலில் தாத்தாவின் பெயர் மட்டும். கேட்டால், "வேல அவரோடதுதான், நான் கூடமாட ஒத்தாச" என்பார் பாட்டி. அந்த இடத்தில் வேறு யாரும் பொறுக்கியிருக்கலாம். ஆனால் குனிந்தது பாட்டியின் முதுகு. பெயர் இல்லாததால் வயதான காலத்தில் இபிஎஃப் பணமும் இல்லை. 'ஒத்தாசை' என்ற நல்ல வார்த்தைக்குள் ஒரு ஆயுள் உழைப்பு காணாமல் போனது.

பாராலிம்பிக்கில் பைலட்டுக்கும் பதக்கம் தருகிறார்கள், பெயரையும் பதிவு செய்கிறார்கள். அதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். இதில் எதிர்ப்பக்க ஆபத்தும் இருக்கிறது. ஒலிம்பிக் வீரர் முன்னால் உட்கார்ந்தால் கேமரா அவரையே தேடிப் போகலாம். அந்தப் பந்தயம் இருப்பதே பின்சீட்டுக்காரருக்காக. அவர் இல்லையென்றால் பைலட்டுக்கு அங்கே வேலையில்லை.

பந்தயம் யாருக்காக என்பது ஒரு கேள்வி. மிதித்தது யார் என்பது வேறு கேள்வி. நாம் முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் எழுதிவிடுகிறோம். செக்ரோலில் நடந்தது அதுதான்.