பூனைக்கு எத்தனை குட்டி

மலையாளத்தில் 'அகதி' என்றால் நாடிழந்து வந்தவர் மட்டுமல்ல. சோறும் கூரையும் சொந்தமும் இல்லாத எவரும் அகதிதான். 2002ல் கேரள அரசின் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீ தொடங்கிய 'ஆஸ்ரயா' திட்டம் அவர்களுக்கானது. 2017ல் வந்த திட்டத்துக்குப் பெயரே 'அகதி ரஹித கேரளம்'. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிராமப் பஞ்சாயத்துகளில் விஇஓவாக, அதாவது கிராம விரிவாக்க அலுவலராக இருந்த வருஷங்களில், அந்தச் சொல்லை எழுதாத நாள் எனக்குக் குறைவு. எழுதும்போதெல்லாம் பாட்டி நினைவு வரும். நாங்குநேரியில் பிறந்து, திருவனந்தபுரம் கோட்டைக்குள் வாழ்க்கைப்பட்டு, தினமும் பத்மநாபசுவாமியைச் சேவித்தவள். அவளுக்கு அகதியாக இருப்பது ஒரு தகுதி.

சரணாகதிக்கு இரண்டு தகுதிகள் என்பார்கள் வைணவ ஆசாரியர்கள். ஆகிஞ்சன்யம், கையில் ஒன்றும் இல்லாமை. அநந்யகதித்வம், வேறு போக்கிடம் இல்லாமை. என் மேசைக்கு வந்தவர்களிடம் நானும் ஏறக்குறைய இவற்றைத்தான் கேட்டேன். நிலம் இல்லையென்று காகிதம் கொண்டு வா, பார்த்துக்கொள்ள ஆளில்லையென்று காகிதம் கொண்டு வா. வித்தியாசம் ஒன்றுதான். ஒன்றுமில்லை என்று சொல்வதைப் பெருமாள் அப்படியே நம்பிவிடுவார். எனக்கு ரேஷன் கார்டு வேண்டியிருந்தது, அதற்கு வீட்டு எண் வேண்டியிருந்தது, வீட்டு எண்ணுக்கு வீடு.

இந்த ஊரில் இது இன்னும் உறுத்தும். 1750ல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தன்னை 'பத்மநாபதாசன்' என்று சொல்லிக்கொண்டார். திருப்படித்தானம் என்பார்கள். அன்று முதல் மண்ணெல்லாம் பெருமாளுடையது. அப்படியானால் மூன்று சென்ட் புறம்போக்குக்கு மனு எழுதி நிற்கிறவள் யாருடைய நிலத்தில் அந்நியமாக நிற்கிறாள்? பாட்டியிடம் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. அவள் போன பிறகுதான் வேலையில் சேர்ந்தேன்.

பாட்டி சொன்ன குரங்குக்குட்டி, பூனைக்குட்டிக் கதையைத் தெரியாத வைணவர் இருக்க முடியாது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் போயிற்று. பூனைக்குட்டி கண்ணைத் திறக்கக்கூட வேண்டாம். தாய் கவ்விக்கொண்டு போகும். வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார் குரங்குக்குட்டியின் பக்கம், அருளுக்கு ஒரு வியாஜம் வேண்டும் என்பார்கள். சின்னதாக ஒரு சாக்கு, நம் பக்கத்திலிருந்து ஓர் அசைவு. பிள்ளை லோகாசாரியர் வழி வந்த தென்கலையார் பூனைக்குட்டியின் பக்கம், அவர்களுக்கு அருள் காரணம் கேட்காது. கன்றின் மேலுள்ள அழுக்கைப் பசு நக்குவதுபோல், குறையோடு இருப்பதாலேயே இறைவன் அன்பு வைக்கிறான் என்பார்கள்.

இவ்வளவு நுணுக்கமாக வாதம் வளர்த்த வழிகளின் முதல்வர்கள் இருவரும் வீடிழந்தவர்கள். 1323ல் திருவரங்கம் தாக்கப்பட்டபோது உற்சவரான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே நடந்தவர் லோகாசாரியர். மதுரைக்குப் பக்கத்தில் ஜ்யோதிஷ்குடியில் உயிர்விட்டார் என்பது சம்பிரதாயம். தேசிகரும் அந்தக் கலவரத்தில் ஊரைவிட்டுப் போனார். பெருமாளும் கோழிக்கோடு, மேல்கோட்டை, திருமலை என்று அலைந்து 1371ல்தான் கோயில் திரும்பினார். நாற்பத்தெட்டு வருஷம் அவரும் அகதி.

என் வேலையின் பெரும்பகுதி குரங்குக்குட்டி நியாயத்தில்தான் நடந்தது. மனு கொடு, மேலெழுத்து வாங்கு, விடாமல் அலை. கேரள அரசின் வீட்டுத் திட்டமான லைஃப் மிஷனின் 4 லட்சத்தில் வீடு கட்டி, சாவி கையில் வாங்கும்போது அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பிடித்துக்கொள்ளத் தெம்புள்ளவர்களுக்கே அது முதலில் எட்டியது. நகரங்களிலாவது ராத் தங்கலுக்கு 2013 முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்று இருந்தது. கிராமத்துக்கு அதுபோல் ஒன்றும் கிடையாது, கிராமத்தில் எல்லோருக்கும் யாரோ இருப்பார்கள் என்ற நம்பிக்கையைத் தவிர. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீடில்லாதவர்கள் 17.7 லட்சம் பேரில் 8.3 லட்சம் பேர் கிராமங்களில் இருந்தார்கள்.

களியக்காவிளைக்கு இப்பால், இரண்டு பஞ்சாயத்துகளின் எல்லையாக ஓடும் ரோட்டோரம் ஒரு வெயிட்டிங் ஷெட். அதில் ஒரு பெரியவர் படுத்துக்கிடந்தார். ஒரு காலத்தில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. படுப்பது ரோட்டுக்கு இந்தப் பக்கம், கஞ்சி வைப்பது அந்தப் பக்கத்து மரத்தடியில். இந்தப் பஞ்சாயத்து அவரை அந்தப் பஞ்சாயத்து ஆளென்று நினைத்தது. அந்தப் பஞ்சாயத்து இந்தப் பக்கத்து ஆளென்று. அவர் பிறந்ததோ விளவங்கோடு தாலுகாவில். 1956 நவம்பர் 1ல் கோடு கிழித்துத் தமிழ்நாட்டோடு சேர்த்த நான்கு தாலுகாக்களில் அதுவும் ஒன்று. அவருடைய பழைய ரேஷன் கார்டு அங்கே. எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் என்னை அனுப்பினார்கள். "எனக்கு ஆரும் இல்ல மக்களே, எழுதிக்கோ" என்றார். எழுதினேன். காகிதங்கள் இல்லாததால் அது என் மேசையிலேயே கிடந்தது. இரண்டு வருஷம்! அந்த இரண்டு வருஷத்துக்கு யார் மன்னிப்பு தருவது?

2021ல் அதிதீவிர வறுமை ஒழிப்புக் கணக்கெடுப்பு வந்தது. அதற்கு மனு கிடையாது. வார்டு வார்டாக நாமே தேடிப்போக வேண்டும். உணவு, உடல்நலம், வருமானம், உறைவிடம் என்ற நான்கையும் பார்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம். மாநிலம் முழுவதும் 64,006 குடும்பங்கள் தேறின. எனக்கு அது தென்கலைத் திட்டமாகவே பட்டது. குட்டி வராது, பூனைதான் போக வேண்டும்.

ஆனால் பாட்டியின் கதையில் பூனை ஒன்றுதான். இங்கே பல பூனைகள். ஒவ்வொன்றும் தன் குட்டியை மட்டும் எண்ணுகிறது, அதுவும் மதிலுக்குள் நின்றபடி. ஒரு சாயங்காலம், ரோட்டின் இரண்டு பக்கத்து குடும்பஸ்ரீ அயல்கூட்டப் பெண்கள் இரண்டு பேர் சாயாக்கடை பெஞ்சில் இரண்டு பஞ்சாயத்துப் பட்டியல்களையும் விரித்துவைத்துப் பெயர் பெயராக வாசித்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. இரண்டிலும் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒன்றிலும் இல்லாதவர்கள் ஏழு பேர். என் பெரியவர் அந்த ஏழில் ஒருவர். நான் வாழ்நாளில் கேட்ட காலட்சேபங்களில் அதுதான் உயர்ந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

வடகலைப் பக்கம் நியாயமில்லை என்று சொல்லவில்லை. ஒரு நாள் அவரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோக ஜீப் வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றார். பூனை எலியைக் கவ்வுவதும் குட்டியைக் கவ்வுவதும் ஒரே பல்லால்தானே. எது எது என்று குட்டிக்கு எப்படித் தெரியும்? அந்தத் தூணைப் பிடித்த பிடியில் தேசிகர் சொன்ன ஏதோ ஒன்று இருந்தது. வேண்டுவதற்கு மட்டுமல்ல, வேண்டாம் என்பதற்கும் ஒரு கை வேண்டும். ஜீப்பைத் திருப்பி அனுப்பினேன். இல்லத்தை அல்ல, அந்த ரோட்டைத்தான் அவர் தன் இடமாக நினைத்தார். அதனால் அங்கேயே பக்கத்தில் ஒரு வாடகை அறை பார்த்தோம். வாடகை ஒரு பஞ்சாயத்து. வாரம் ஒருமுறை புண்ணுக்கு மருந்து கட்ட மற்றப் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ். இந்த ஏற்பாட்டைக் காகிதத்தில் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

2025 நவம்பர் 1ல், கோடு கிழித்த அதே தேதியில், கேரளம் அதிதீவிர வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தார்கள். பொருளாதார அறிஞர்கள் சிலர் கணக்கைக் கேள்வி கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். நான் அன்று அந்த ரோட்டுக்குப் போனேன். அறை பூட்டிக்கிடந்தது. இடையிடையே ராத்திரி பழைய ஷெட்டிலேயே போய்ப் படுத்துவிடுவார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மற்றப் பஞ்சாயத்து வார்டிலிருந்து, சாயாக்கடையில் பட்டியல் வாசித்த பெண்களில் ஒருத்தி டார்ச்சும் கஞ்சித் தூக்குமாக ஷெட்டை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.