பிழைத்த பிள்ளையும் முன்வினையும்



2024ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று, விடியுமுன் வயநாட்டு மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்களைப் புதைத்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரை இழந்து பிழைத்த பிள்ளைகளும் உளர். "ஐயா, இஃது அப்பிள்ளைகளின் முன்வினைதானே?" எனச் சுள்ளிக்கல்லில் ஓர் அம்மையார் என்னை வினவினார்.

அன்று. மோலிய சீவகன் என்னும் பரிவிராஜகன் இத்தகைய ஐயத்தை எழுப்பியபோது, பகவன் துன்பத்திற்கு எட்டுக் காரணங்கள் கூறினார் என்பது சம்யுத்த நிகாயம். பருவ மாறுதல் அவற்றுள் ஒன்று, வினையும் ஒன்றே. யாவும் முன்வினை என்போர் உண்மையைக் கடந்து பேசுகின்றனர் என்பதே பகவன் தீர்ப்பு.

மலையைச் சரித்தது பெருமழை, பிள்ளையின் பாவமன்று. பிறப்பினால் நம்மைத் தாழ்த்தியோரும் முன்வினையையே காரணங் காட்டினர். அச்சொல்லின் கொடுமையை அனுபவித்த நாமே அதனைப் பிறர்மேல் எறியலாமா?

பாழான வெள்ளார்மலைப் பள்ளியின் மாணாக்கர், அவ்வாண்டு செப்டம்பரில் மேப்பாடியில் மீண்டும் கல்வி தொடங்கினர். இடமளித்தோரும் கற்பித்தோரும் செய்ததே நல்வினை. பிழைத்த பிள்ளையிடம் பழவினை ஆராயாது, "உண்டாயா?" என்று கேட்பதே தன்மம். சிந்திப்பீர்!