காலி மனை

1

உடுமலை, மடத்துக்குளம் பக்கம் மல்பெரி வைத்திருக்கும் தோட்டங்களில், புழு வளர்ப்பு மனையின் ஜன்னல்களுக்கு நைலான் வலை அடித்திருப்பார்கள். ஊசி ஈ உள்ளே வராமல் இருக்க. அந்த ஈ பட்டுப்புழுவின் தோல்மேல் முட்டை வைக்கும். பொரிந்து வருவது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். போன இடத்தில் ஒரு கருந்தழும்பு மட்டும் நிற்கும். சில நாளில் பட்டுப்புழு சாகும். அதன் உடலைக் கிழித்துக்கொண்டு வேறொரு புழு வெளியே வரும்.

ஈயைக் காணாதவர் இதை மட்டும் கண்டால், பட்டுப்புழுவின் சதையே இன்னொரு உயிராகிவிட்டது என்றுதான் நினைப்பார். அதை மடமை என்று சொல்ல மாட்டேன். நம் சைவ நூல்கள் உயிர்களின் தோற்றத்தை முட்டை, கருப்பை, வித்து, வேர்வை என நான்காகப் பகுத்தன. பேன் முதலானவை வேர்வையில் பிறப்பவை. அரிஸ்டாட்டிலும் சில உயிர்கள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகவே உண்டாவதாக எழுதினார். கண்ணுக்குத் தெரிந்ததை அவரவர் எழுதி வைத்தார்கள்.

1668இல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சி போட்ட ஜாடிகளில் சிலவற்றைத் திறந்து வைத்தார். சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். திறந்த ஜாடிகளில் புழு வைத்தது. மூடிய ஜாடிகளில் இறைச்சி அழுகியது, புழு வைக்கவில்லை. உடுமலை விவசாயி வலை அடிக்கும்போது அதே சோதனையைத்தான் செய்கிறார். அவருக்கு முடிவு முன்பே தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

2

வலைக் கண்ணில் நுழைந்துவிடும் அளவுக்குச் சிறிய உயிர்கள் எங்கிருந்து வருகின்றன? ரெடிக்குப் பின் இரண்டு நூற்றாண்டுகள் இந்தக் கேள்வி தங்கியது. லூயி பாஸ்டர் கழுத்து வளைந்த குடுவைகளில் சத்துநீரைக் காய்ச்சி வைத்தார். காற்று தாராளமாகப் போய்வந்தது. தூசி மட்டும் வளைவிலேயே தங்கிவிட்டது. நீர் கெடவில்லை. குடுவையைச் சாய்த்து நீரைத் தூசியில் படவிட்டதும், சில நாளில் கலங்கியது. 1864 ஏப்ரலில் பாரிஸின் சோர்போனில் இதை அவர் ஒரு பேருரையாகவே நிகழ்த்தினார்.

மறு ஆண்டு தெற்கு பிரான்சின் ஆலெஸுக்குப் போனார். மிளகுத்தூள் தூவியதுபோல் உடலெங்கும் கரும்புள்ளியோடு அங்கே பட்டுப்புழுக்கள் செத்துக்கொண்டிருந்தன. பெப்ரின் நோய். அதுவரை அவர் பட்டுப்புழுவைக் கையில் எடுத்தவரில்லை. வழியில் பூச்சியியலாளர் ஃபாபரைப் பார்க்கப் போனபோது, ஒரு கூட்டைக் காதருகே ஆட்டிப்பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்தாராம். ஃபாபரே எழுதிவைத்தது இது.

நோயுற்ற புழுக்களில் நுண்ணோக்கி வழியே நீள்வட்டத் துகள்கள் தெரிந்தன. அவை புழுவின் திசு கெட்டு உண்டானவை என்று பாஸ்டர் முதலில் கருதினார். உயிர் தானாகத் தோன்றாது என்று ஊருக்கெல்லாம் மெய்ப்பித்தவர், தன் கண்முன் இருந்த தனி உயிரை நோயின் விளைபொருள் என்று எண்ணினார். அவை ஒட்டுண்ணிகளே என்று ஏற்க அவருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. நான்கு வகைத் தோற்றத்தை எழுதிய பெரியவர்கள்மீது எனக்கு மரியாதை கூடுவது இந்த இடத்தில்தான்.

நோய்த்துகள் தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே போய்விடுகிறது. ஆகவே ஒவ்வொரு அந்துப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிடவிட்டு, பிறகு தாயை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வகுத்த வழி. துகள் தெரிந்தால் முட்டைகளை அழித்துவிட வேண்டும். முட்டை தயாரிக்கும் நம் வித்தகங்களில் தாய்ப்பூச்சிச் சோதனை இன்றும் நடக்கிறது. உடுமலை விவசாயிகளில் பலர் முட்டையைப் பொரித்து வளர்க்கும் சாக்கி மையத்தில் இளம்புழுவாகவே வாங்குகிறார்கள். அந்தப் புழுவுக்குப் பின்னால் ஒரு தாய்ப்பூச்சிச் சோதனை இருக்கிறது.

3

வெண்கூடு கட்டும் பைவோல்டின் ரகத்தின் முட்டை இடப்பட்ட சிறிது காலத்தில் உறங்கத் தொடங்கும். மாதக்கணக்கில் குளிரில் வைத்தால் விழிக்கும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதபோது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் முக்கி எடுப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டை பொரியும்.

அமிலம் உயிர் கொடுத்ததா? இல்லை, எழுப்பியது. அப்படியானால் அந்த உயிர் எங்கே தொடங்கியது? முட்டையில் என்றால், முட்டை தாய்க்குள் உயிரணுவாக இருந்தது. தாய் இன்னொரு முட்டையிலிருந்து வந்தவள். பின்னால் போகப்போக, ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் மனிதர் வீட்டுக்குக் கொண்டுவந்த காட்டுப் பூச்சி நிற்கிறது. அதற்கும் முன்னால் வேறு பூச்சிகள், பூச்சியே அல்லாதவை. எந்தத் தலைமுறையிலும் உயிர் தொடங்கவில்லை, கைமாறியிருக்கிறது.

4

ஆனால் பூமிக்கு வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. உயிர் இருந்ததற்கான உறுதியான தடங்கள் சுமார் 350 கோடி ஆண்டு வரைதான் போகின்றன. உருகிய பாறையாகக் கிடந்த காலத்தில் எந்த உயிரும் இருந்திருக்காது. அப்படியானால் பாஸ்டரின் விதி ஒருமுறையாவது மீறப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கு டார்வின் 1871இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழி இருக்கிறது. வெதுவெதுப்பான சிறு குளம் ஒன்றில் புரதம் போன்ற ஏதோ உண்டானாலும், இன்று அதை இருக்கிற உயிர்கள் உடனே தின்றுவிடும். உயிர்கள் தோன்றுமுன் அந்த ஆபத்து இல்லை என்றார்.

ஒரு பருவம் முடிந்ததும் விவசாயி மனையைக் கழுவி, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் போட்டு, சில நாள் ஆறவிட்டுத்தான் அடுத்த புழுவை ஏற்றுகிறார். அப்படியும் நோய் வந்துவிடுகிறது. அவ்வளவு அடர்த்தியாக இந்த உலகில் உயிர் குடியிருக்கிறது. உயிரிலிருந்தே உயிர் என்பது குடியிருப்பு நிறைந்த உலகின் விதி. உலகம் காலியாக இருந்தபோது அந்த விதிக்கு வேலையே இல்லை.

5

காலியாக இருந்த அந்த உலகைச் சிலர் குடுவைக்குள் கொண்டுவர முயன்றார்கள். ஆக்சிஜன் இல்லாத காற்றில் புற ஊதாக்கதிர் பட்டுக் கடலில் கரிமப் பொருள்கள் சேர்ந்தன என்று 1929இல் எழுதிய உயிரியலாளர் ஹால்டேன், பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தார். 1953இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி இவற்றில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைக் கண்டார். இலங்கையின் காலி நகரில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த சிரில் பொன்னம்பெரும, நாசாவுக்குப் போய் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தார். 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவர் உள்ளிட்ட குழு மறு ஆண்டு அறிவித்தது.

இவை உயிரின் செங்கற்கள் மட்டுமே. தன்னைத்தானே பிரதியெடுத்து, பிரதியில் சிறு பிழைகள் விட்டு, அந்தப் பிழைகளில் பிழைக்கத் தக்கதை வளர்க்கும் ஒன்றை வெறும் பொருளிலிருந்து இதுவரை யாரும் ஆக்கிக் காட்டவில்லை. நாளை ஒருவர் காட்டினால், அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியைப் பட்டு வளர்ப்பவர்களே கேட்டுவிடுவார்கள்: பழைய உயிர் எதுவும் உள்ளே புகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? அதற்குப் பதில் இருந்தால் மற்றதைப் பேசலாம்.