எய்தவனும் அம்பைத் தீட்டியவனும்

'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்பது நம் நாட்டுப் பழமொழி. எய்தவனுக்கும் அம்புக்கும் இடையே மூன்றாமவன் ஒருவன் உளன். அவன் அம்பைத் தீட்டிக் கொடுத்தவன். வில்லை அவன் தொடவில்லை. பறவை வீழ்ந்ததைக் காணவுமில்லை. அவனுக்கு அக்கொலையில் பங்கு உண்டா? தீட்டப்பட்ட அம்பு ஐம்பொறியும் மனமும் உடைய ஓர் உயிராகவே இருந்துவிட்டால் வினா இன்னும் கடினமாகிறது. மேலைநாடுகளில் வேட்டைக்கும் போட்டிக்கும் நாய்க்குட்டிகளைப் பழக்கும் கலையை எண்ணுங்கால் இவ்வினா எழாமல் இராது.

இன்று நம் ஊர்களிலும் பல இல்லங்களில் லாப்ரடார் நாய் வளர்கிறது. அது எதற்கென உருவாக்கப்பட்ட இனம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையின் நீர்நாய்களிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டானியப் பிரபுக்கள் வளர்த்தெடுத்த இனம் அது. சுடப்பட்டு நீரிலும் புதரிலும் விழும் பறவையைத் தேடிக் கொணர்வதே அதன் தொழில். கோல்டன் ரிட்ரீவர் இனமும் அவ்வாறே 1868-ல் ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபுவின் பண்ணையில் தோற்றுவிக்கப்பட்டது. பாயிண்டர், செட்டர் என்பன வேறு வகையின. அவை மறைந்திருக்கும் காடையையும் கௌதாரியையும் மோப்பத்தால் அறிந்து, அசையாது நின்று காட்டுவன.

பயிற்சி குட்டி பிறந்த ஏழாம் வாரத்திலேயே தொடங்குவதுண்டு. முதலில் கான்வாஸ் துணியாலான சிறு உருளையை எறிந்து எடுத்துவரச் செய்வர். பிறகு பறவையின் சிறகைக் காட்டுவர். அதன்பின் சிறகு கட்டப்பட்ட புறாவைத் தருவர். துப்பாக்கி ஓசைக்கு அஞ்சாதிருக்கத் தொலைவில் வெடித்து, சிறிது சிறிதாக அருகே கொணர்வர். பாயிண்டர் குட்டிக்கு, விசைப்பெட்டியில் அடைத்த புறாவைத் தக்க தருணத்தில் வானில் எறிந்து, துரத்தாது நிற்கக் கற்பிப்பர். கவ்வ மறுக்கும் நாயின் காதை, அது கவ்வும்வரை நெரிக்கும் பழைய முறையும் உண்டு. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையும் உண்டு. வேல்ஸ் நாடு 2010-ல் அப்பட்டையைத் தடை செய்தது.

இக்கலையின் உச்சி எது? நாயின் அடக்கம். கண்முன்னே பறவை வீழ்ந்தாலும் ஆணை பிறக்கும்வரை அது அமர்ந்திருத்தல் வேண்டும். வாயில் கொண்ட பறவையைப் பல்லால் நசுக்குதல் கூடாது. புலன் ஈர்க்கும்போது புலனை அடக்குதல் என்னும் பாடத்தை ஒரு விலங்கு பயின்றுவிடுகிறது. அதைப் பயிற்றுவிக்கும் மனிதனோ துப்பாக்கியை நீட்டும் தன் கையை அடக்கக் கற்றானில்லை. வியப்பதா, வருந்துவதா?

இத்தொழிலுக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதங்கள் மூன்று. அவற்றை நடுவுநிலையோடு ஆராய்வோம்.

நாய் இல்லையேல் அடிபட்ட பறவை புதரில் கிடந்து நெடிது துன்புறும். நாய் அதை விரைவில் கண்டு அத்துன்பத்தைக் குறைக்கிறது என்பது முதல் வாதம். இதில் உண்மை உண்டு. நாயின்றிச் சுடுபவனினும் நாயோடு செல்பவனால் விளையும் துன்பம் ஒரு வகையில் குறைவே. எனினும் இவ்வாதம் சுடுதலை முன்னரே ஒப்புக்கொண்ட பிறகன்றோ பிறக்கிறது? அன்றியும், அடர்ந்த நாணலிலும் ஆழ்ந்த நீரிலும் விழும் பறவையை நாய் மீட்டுத்தரும் என்னும் துணிவே வேட்டையாடுவோனை அவ்விடத்தும் சுடத் தூண்டுகிறது.

வேட்டை நாயின் இயல்பு என்பது இரண்டாம் வாதம். ஓநாயின் வேட்டையில் தேடுதல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் எனப் பல படிகள் உள. மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துச் சிலவற்றை வளர்த்தான், சிலவற்றைத் தேய்த்தான். பாயிண்டரின் நிற்றல் வளர்க்கப்பட்ட பதுங்கலே. லாப்ரடாரிடம் எஞ்சியது தேடிக் கொணரும் மகிழ்ச்சி. அதற்குக் கான்வாஸ் உருளையும் போதும். ஆகவே கொலை நாயின் இயல்பில் இல்லை. அதை ஏவுவோனின் எண்ணத்தில் உள்ளது.

பயிற்றுவிப்பவன் சுடுவதில்லை என்பது மூன்றாம் வாதம். நம் அறநூல்கள் இதனை ஏலா. தீவினை செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படல் என மூன்று வாயிலாகவும் வந்து ஊறும் என்பது நம் கொள்கை. வேட்டை ஏழு வியசனங்களுள் ஒன்று. இல்லறத்தான் உழவு முதலியவற்றில் நேரும் இம்சையை முற்றும் தவிர்க்க இயலாது. ஆயின் கொல்லவேண்டும் என்று எண்ணிச் செய்யும் சங்கல்பி இம்சையை அவன் விட்டேயாக வேண்டும். கொலைக் கருவிகளைப் பிறர்க்கு ஈதலைப் பயனில் தீச்செயல்களுள் ஒன்றாக இரத்தின கரண்டக சிராவகாசாரம் கூறும். வாளை ஈதலே குற்றமெனில், உயிரையே வாளாக்கி ஈதலை என்னென்பது!

இங்கே பாதிக்கப்படுவது பறவை மட்டுமன்று. நாய் மனமுடைய ஐம்பொறி உயிர். அறவுரையைக் கேட்டு ஏற்கவல்லது. சீவக சிந்தாமணியில், அந்தணர் அடித்து வீழ்த்திய நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. சீவகன் அதே செவியில் நற்சொல்லை இட்டான். நாம் துப்பாக்கி ஓசையை இட்டுப் பழக்குகிறோம். உயரக்கூடிய ஓர் உயிரைக் கருவியாகத் தாழ்த்துவதே இதில் பெரிய இழப்பு.

ஆயின் பயிற்சியே தீது என்று கூறலாகாது. போட்டிகளிலும் தரவேறுபாடு உண்டு. 1865-ல் இங்கிலாந்தின் சவுத்ஹில்லில் தொடங்கிய களப்போட்டி மரபில், ரிட்ரீவர்களுக்குப் பறவைகள் சுடப்படுகின்றன. அமெரிக்க ரிட்ரீவர் போட்டிகளில் உயிருள்ள வாத்தை எறிந்து சுடுவதுமுண்டு. 1896-ல் தோன்றி, 1915 முதல் டென்னசியின் ஏம்ஸ் பண்ணையில் நடைபெற்றுவரும் தேசியப் பறவைநாய்ப் போட்டியிலோ மூன்று மணி நேர ஓட்டத்தில் பறவை எழுப்பப்படும், வெற்றுத் தோட்டா வெடிக்கும், பறவை பறந்துபோகும். பிரிட்டனில் கான்வாஸ் உருளைகளை மட்டுமே கொண்டு நடத்தும் போட்டிகளும் உள்ளன. பறவை வீழாமலே நாயின் திறம் முழுதும் விளங்கும் என்பதற்கு இவையே சான்று. வெற்றுத் தோட்டாவும் அஞ்சிப் பறக்கும் உயிர்க்குத் துன்பமே எனினும், கொலைக்கும் அதற்கும் உள்ள தொலைவு பெரிது. அதே லாப்ரடார் பார்வையற்றோர்க்கு வழிகாட்டியாய்ச் சாலையைக் கடத்துவதையும் உலகம் காண்கிறது. பொறுமையும் அடக்கமும் ஒன்றே. அவை செலுத்தப்படும் திசைதான் வேறு.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு வழியடைத்தது. ஆதலின் இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று அமைதி கொள்ளலாகாது. நாம் பிறர்க்குக் கற்பிக்கும் திறன், விற்கும் பொருள், தரும் பணம் ஆகியவற்றின் மறுமுனையில் எவ்வுயிர் வீழ்கிறது என்று வினவும் கடமை சிராவகர் ஒவ்வொருவர்க்கும் உண்டு. 'நான் எய்யவில்லை' என்னும் விடை அவ்வினாவிற்குப் போதாது. அம்பைத் தீட்டுமுன் அது செல்லும் திசையை நோக்குவதே கொல்லாமை நோன்பின் நுட்பமாகும். சிந்திப்போமாக.