வாயில்லா ஆசான்

திருத்தணி இரயில் நிலையத்திற்கு வெளியே குதிரை வண்டிகள் வரிசையாய் நின்ற காலத்தை நம் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிருத்திகை நாள்களில் மலைக்கு வரும் கூட்டமே அவ்வண்டிக்காரர்களின் அடுப்பை எரியச் செய்தது. எழுபதுகளின் இறுதியில், தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு அவ்வண்டிகளில் ஏறிய சிறுவனாய் நாம் கண்டு வியந்தது ஒன்று உண்டு. வண்டிக்காரர் எங்களிடம் தமிழில் பேசுவார்; குதிரையிடம் தெலுங்கில் பேசுவார். எல்லைப் போராட்டம் நடத்தி, 1960 ஏப்ரல் முதல் நாளன்று தமிழகத்தோடு இணைந்த ஊர் இது. மொழியின் பெயரால் மனிதர் இத்துணை பாடுபட்ட ஊரில், குதிரைக்கு மட்டும் எந்த மொழியும் தேவைப்படவில்லை. அது கேட்டது சொல்லை அன்று. சொல்பவரின் குரலை, கடிவாளத்தைப் பிடித்த கையை, மூச்சை.

இன்னொன்றும் நினைவில் நிற்கிறது. இரு சக்கர வண்டியாதலால் ஏறுவோர் அனைவரும் பின்புறமே அமர்ந்தால் வண்டி மேல்நோக்கித் தூக்கி, குதிரையின் வயிற்றுப் பட்டை இறுகும். அனைவரும் முன்னே நெருங்கினால் பாரம் அதன் முதுகில் இறங்கும். “ஐயா, கொஞ்சம் முன்னால வாங்க, பின்பாரமா இருக்கு” என்று வண்டிக்காரர் சொன்னவுடன், ஒருவரையொருவர் அறியாத நால்வரும் நகர்ந்து அமர்வார்கள். முன்பாரம் பின்பாரம் சரியாகாமல் அவர் வண்டியை எடுத்ததில்லை.

இந்த நினைவுகளை இப்போது கிளறிவிட்டது ஒரு புதிய பயிற்சி. குதிரைகளைக் கொண்டு மனிதர் தம்மைத்தாமே அறியவும், கூடிச் செயலாற்றவும் கற்பிக்கிறார்களாம். இதில் குதிரையேற்றம் இல்லை. தரையில் நின்றபடியே, கயிறின்றி, அடியின்றி, ஒரு குதிரையைக் குறிப்பிட்ட இடத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். பிறகு நடந்ததை எண்ணிப் பேசவேண்டும். இதன் வேர் மருத்துவத்தில் இருக்கிறது. டென்மார்க் நாட்டின் லிஸ் ஹார்ட்டல் என்னும் பெண்மணி 1944-இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். பிறர் தூக்கிவிட்டே குதிரைமேல் ஏற முடிந்த அவர், 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதன்பின் ஊனமுற்றோருக்கான குதிரைவழிச் சிகிச்சை பல நாடுகளில் பரவியது. அங்கிருந்து மனநலத்திற்கும், பின்னர் நிறுவன அதிகாரிகளின் பயிற்சிக்கும் இது வந்து சேர்ந்தது. கடைசியாகச் சொன்னவர்கள் இதற்குத் தரும் கட்டணத்தைக் கேட்டால், நம் பழைய வண்டிக்காரர் சிரித்திருப்பார்.

குதிரை ஏன் இப்பணிக்கு ஏற்றது? அது வேட்டையாடும் விலங்கன்று; வேட்டையாடப்படும் விலங்கு. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழுவதையும் அது காண்கிறது. பிறர் உடலில் எழும் சிறு இறுக்கத்தையும் உணர்ந்தால்தான் அது உயிர் பிழைக்கும். 2016-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் நிழற்படங்களைக் காட்டினர். சினந்த முகத்தைக் கண்டபோது அவற்றின் இதயத் துடிப்பு விரைந்தது. அறிமுகமில்லாத மனிதரின் வெறும் படமே அவ்வளவு செய்ததெனில், அருகில் நிற்கும் ஆளின் உள்ளக் கொதிப்பு எவ்வளவு செய்யும்!

சென்னைக்குச் செல்லும் வழியில் உள்ள ஒரு தோப்பில் இப்பயிற்சியை நடத்துவோர் சிலர் நம்மையும் அழைத்தனர். இரு கூறாய்ப் பிரிந்து கிடந்த நம் பங்குப் பேரவையினருள் ஐவரை உடன் அழைத்துச் சென்றோம். குதிரை பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றது. செம்மை நிறம், சாதுவான முகம். இரண்டு மூங்கில்களுக்கு இடையே அதை நடத்திச் செல்லவேண்டும், அவ்வளவே. பேரவையின் இரு தரப்பினரும் இரு புறமும் நின்றுகொண்டு ஆளுக்கொரு திசையில் கையசைத்தனர். குதிரை புல் மேயச் சென்றுவிட்டது. இனி நாமே பொறுப்பேற்போம் என்று எண்ணி முன்சென்று, கையை உயர்த்தி, மறையுரை மேடையில் பழகிய குரலில் அதை அழைத்தோம். அது காதுகளைப் பின்னே மடித்து, மெல்லத் திரும்பி, தன் பின்புறத்தை நமக்குக் காட்டி நின்றது. உபதேசியார் சிரிப்பை அடக்க வெகுவாய்ப் பாடுபட்டார்.

அப்போது, அதுவரை ஓரமாய் நின்றிருந்த அன்பியப் பொறுப்பாளரான அம்மையார் குதிரையின் அருகே சென்றார். எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் அதனோடு நின்றார். பிறகு மூங்கில்களை நோக்கி நடந்தார். குதிரை அவர் பின்னால் நடந்தது.

பயிற்சி தந்த இளம்பெண், “உங்கள் கூட்டங்களில் இந்த அம்மா பேசினால் நீங்கள் எல்லாரும் கேட்பீர்களா, ஃபாதர்?” என்று வினவினார். ஐவரும் தரையை நோக்கினர். விடை நமக்குத் தெரியும். ஏழைக் குடும்பங்களிடம் கல்லறைத் தோட்டத்தில் குழிக்குக் கட்டணம் வாங்குவது முறைதானா என்று அவர் பேரவையில் இருமுறை எழுந்து கேட்டிருந்தார். இருமுறையும் நேரமாகிவிட்டது என்று சொல்லி, இறுதிச் செபத்தைத் தொடங்கியவர் நாமே. செபத்தைக் கதவாக்கி அடைத்த அச்செயல் அதுநாள்வரை நம் மனத்தில் ஒரு குற்றமாகவே படவில்லை.

ஆயினும் வீடு திரும்புகையில் ஓர் ஐயம் எழுந்தது. அதை மறைப்பது நேர்மையன்று. 1904-இல் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை உலகைக் கலக்கியது. ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் கேட்கும் கணக்குகளுக்கு அது குளம்பைத் தட்டி விடை சொன்னது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் நுணுகி ஆராய்ந்து, 1907-இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவர் விடை அறியாதவராயிருந்தாலும், குதிரையின் பார்வைக்கு மறைந்து நின்றாலும், ஹான்ஸ் தோற்றது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை அவர் அறியாமலே அசையும். அதைக் கண்டு குதிரை நிறுத்தும். அதாவது, கேட்பவர் உள்ளூர எதை எதிர்பார்த்தாரோ, அதையே குதிரை திருப்பிக் கொடுத்தது.

அப்படியாயின், நம் குதிரையும் நாம் வேண்டியதையே காட்டியதோ? அந்த அம்மையார் வீட்டில் மாடு வளர்ப்பவர். விலங்கின் அருகே நிதானமாய் நிற்பது அவருக்குப் பழக்கம். கல்லறைக் கட்டணம் குதிரைக்குத் தெரியாது. அவ்விளம்பெண் வேறொரு வினாவை எழுப்பியிருந்தால், வேறொரு பாடத்தையும் அக்காட்சியிலிருந்து எடுத்திருக்கலாம். குதிரை தீர்ப்பு வழங்குகிறது என்று எவரேனும் சொன்னால் அதை நாம் ஏற்கமாட்டோம். அது நம் உள்ளத்தைப் படிப்பதில்லை. நம் தோளையும் மூச்சையும் படிக்கிறது. நல்லவரைத் தொடரும், தீயவரை விலகும் என்பதும் பொய்; அமைதியாய் நிற்கத் தெரிந்த வஞ்சகனையும் அது தொடரும்.

ஆனால், தூது கொண்டு வருபவனுக்குச் செய்தி தெரியாது என்பதால் செய்தி பொய்யாகிவிடுமா? எண்ணிக்கை நூலின் 22ஆம் அதிகாரத்தில் வரும் பிலயாமின் கழுதையை எண்ணிப் பார்க்கலாம். அது பேசியதையே பெரும் வியப்பாகச் சொல்லி வருகிறோம். அது வாய் திறக்குமுன் மும்முறை உடலால் பேசிவிட்டது: வழி விலகிற்று, சுவரில் நெருக்கிற்று, படுத்துவிட்டது. மும்முறையும் இறைவாக்கினர் தந்த மறுமொழி அடிதான். வாள் இருந்திருந்தால் கொன்றிருப்பேன் என்றும் அவர் சினந்தார். நாமும் அவ்வாறே. நம் பேரவையில் ஒருவர் இருமுறை எழுந்து நின்றதும் ஒரு செய்தியே. அதைக் கேளாத காதுக்குத்தான் குதிரை தேவைப்பட்டது. இது பெருமைக்குரிய செய்தி அன்று.

இன்னொரு கேள்வியும் உண்டு. பயிற்சி தருவோர் இதை அவ்வளவாக எழுப்புவதில்லை. நாம் வளர்வதற்கு உதவும் குதிரைக்கு நாம் பட்ட கடன் என்ன? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பொன் கொடுத்து இறக்குமதி செய்ததையும், பேணத் தெரியாமையால் ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்ததையும் எழுதியுள்ளார். குதிரையை வாங்கத் தெரிந்தது. அதைக் கேட்கத் தெரியவில்லை. சினத்தோடு குதிரையை அணுகாதே என்று கிரேக்கர் செனபோன் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே நூல் எழுதி வைத்திருந்தார். நம் ஊரிலோ ஆட்டோக்கள் பெருகியபின் அந்த வண்டிக் குதிரைகள் எங்கே போயின என்று நாம் எவரும் கேட்டதில்லை. ஓட்டப் பந்தயத்தில் தேய்ந்த குதிரைக்குத் தோப்பின் நிழலும் கொள்ளும் கிடைப்பது நன்றே. ஆனால் நாளுக்கு ஐந்தாறு குழுவினரின் கலக்கத்தையெல்லாம் அது தாங்கவேண்டியிருந்தால், அதன் கலக்கத்தை யார் தாங்குவார்? நாங்கள் புறப்படும்போது, அன்றைய மூன்றாவது குழுவினர் வாயிலில் காத்திருந்தனர்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் கல்லறைக் கட்டணத்தை முதற்பொருளாய் வைத்தோம். பொருளாளர் இசையவில்லை, சுற்றுச்சுவருக்கு வேறெங்கிருந்து பணம் வரும் என்று அவர் கேட்டதும் நியாயமே. இரவு ஒன்பதரை ஆயிற்று. வழக்கம்போல் நம் கை சிலுவை அடையாளத்திற்கு உயர்ந்தது. நாமே அதைக் கண்டு நிறுத்தி, அந்த அம்மையாரிடம், செபத்தை நீங்களே சொல்லுங்கள் என்றோம்.

“இன்னும் பேசி முடிக்கலையே சாமி” என்றார் அவர்.

நாற்காலியைச் சற்று முன்னே நகர்த்தி அமர்ந்தோம்.